பழைய ஃபைபர் போட்டுக்கு புது எஞ்சின்: எச்பிய கடைசில பேசிக்கலாம்

எங்க மாமா போட்டு 2005ல வந்தது. 2004 டிசம்பர்ல சுனாமி அடிச்சிட்டு போன அடுத்த வருஷம் சென்னைல இருந்து கீழ நாகப்பட்டினம் வரைக்கும் குப்பம் குப்பமா ஃபைபர் போட் இறங்கிச்சு இல்லையா, அந்த நேரத்துல வந்த போட்டு. 28 அடி. கட்டுமரத்துல இருந்த நிறைய பேரு அப்பதான் ஃபைபருக்கு மாறினாங்க. அந்த போட்டுங்க எல்லாத்துக்கும் இப்ப இருபது வயசு தாண்டிடுச்சு, சிலது நல்லா கட்டினது, சிலது அவசரத்துல ரெசின் பத்தியும் பத்தாம ஊத்தினது, வெளிய பெயிண்ட் அடிச்சிட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மாமா போட்டுல இருந்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது போட்டுக்கு பின்னாடி வெளிய மாட்டற எஞ்சின், பிஸ்டன் பிடிச்சு நின்னு போச்சு. ரெண்டு தடவ சிலிண்டர கடைஞ்சு போர் பண்ணியாச்சு, இனிமே பண்ண முடியாது. மாமா என்ன கூப்ட்டு கேட்டது ஒரே கேள்விதான், "இன்னா மாப்ள, 15 போடலாமா 25 போடலாமா? பக்கத்து போட்டுல 25 போட்டுக்கினாங்க, அம்பு மாறி போவுது." நான் கொஞ்ச வருஷம் ராயபுரத்துல எஞ்சின் ஒர்க்‌ஷாப்ல கை அழுக்காக்கினவன், அதனால இந்த கேள்விய நூறு பேர் கேட்டு பாத்திருக்கேன், எல்லாரும் எச்பி, அதாவது எஞ்சினோட குதிரைத்திறன், அதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. பழைய போட்டுக்கு அது தலைகீழ். முதல்ல போட்டு தாங்குமா, அப்புறம் என்ன எரிபொருள், அப்புறம் ப்ரொப்பெல்லர், எச்பி கடைசி. ஏன் அப்படின்னு மாமாகிட்ட சொன்னத அப்படியே இங்க எழுதறேன், இதே நெலமைல இருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

எஞ்சின் மாட்டற பின்பலகைதான் எல்லாத்துக்கும் ஆதாரம். ஃபைபர் போட்டுல அது வெறும் ஃபைபர் இல்ல, உள்ள ப்ளைவுட்டு வச்சு ரெண்டு பக்கமும் ஃபைபர் போட்டு மூடியிருப்பாங்க. எஞ்சின் கிளாம்ப் போல்ட்டு ஓட்டை வழியா, பழைய ஸ்க்ரூ ஓட்டை வழியா வருஷக்கணக்கா தண்ணி உள்ள போகும், ப்ளைவுட்டு ஊறும், அழுகும், வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது. நான் மாமா போட்டுல ஒரு சின்ன சுத்தியல் எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் தட்டிக்கிட்டே வந்தேன், ஓரத்துல எல்லாம் டக் டக்னு கெட்டியா கேட்டுச்சு, நடுவுல எஞ்சின் உக்காந்திருந்த இடத்துக்கு கீழ ஒரு சாண் அகலத்துக்கு தொப் தொப்னு செத்த சத்தம். அங்க உள்பக்கமா ஒரு ஆறு மில்லி ஓட்டை போட்டேன். நல்ல மரமா இருந்தா காஞ்ச தூள் வரணும். வந்தது காபி பொடி கலர்ல ஈரமா, ட்ரில் பிட்டுல சேறு மாதிரி ஒட்டிக்கிட்டு, பின்னாடியே பழுப்பு தண்ணி சொட்டு சொட்டா இறங்கிச்சு. மாமா அத விரல்ல தொட்டு மோந்து பாத்துட்டு எதுவும் பேசல.

இன்னொரு டெஸ்ட்டும் இருக்கு, எஞ்சின் மாட்டி இருக்கும்போதே பண்ணலாம். கரைல இருக்கும்போது எஞ்சின மேல தூக்கி வச்சிட்டு, அடில துருத்திக்கிட்டு இருக்கற இரும்ப கைல புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, பின்பலகை வளையறது கண்ணுக்கு தெரிஞ்சா அந்த போட்டுக்கு எஞ்சின் கடைக்கு போறதுக்கு முன்னாடி ஃபைபர் வேலை செய்யறவர பாக்கணும். ஏன்னா பின்பலகை எஞ்சினோட எடைய மட்டும் தாங்கல, அது தள்ளற விசையையும் தாங்குது. 15 எச்பி எஞ்சின் முழுசா திருகினா சுமாரா நூறு கிலோவுக்கு மேல தள்ளும், அதுவும் கீழ ப்ரொப்பெல்லர்ல இருந்து நெம்புகோல் மாதிரி. கரை அலைல ஏறி இறங்கும்போது அந்த எடை ஒவ்வொரு குதிப்புக்கும் பல மடங்கா இடிக்கும். ஊறின ப்ளைவுட்டுல அத மாட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல, எஞ்சின் கழண்டு கடல்ல விழுந்த கதை எல்லா குப்பத்துலயும் ஒண்ணாவது இருக்கும்.

எடைன்னு வரும்போது இன்னொண்ணு. நம்மாளுங்க பழகினது டூ ஸ்ட்ரோக். 8 எச்பி டூ ஸ்ட்ரோக் 27 கிலோ, 15 எச்பி டூ ஸ்ட்ரோக் 36 கிலோ பக்கம் இருக்கும். அதே 15 ஃபோர் ஸ்ட்ரோக்ல மாடல பொறுத்து 43ல இருந்து 52 கிலோ வரைக்கும் வரும். பத்து பதினஞ்சு கிலோ என்ன பெரிசான்னு தோணும், ஆனா அது போட்டோட கடைசி நுனில உக்காருது, பக்கத்துலயே எஞ்சின் ஓட்டறவரும் உக்காருவாரு, எரிபொருள் கேனும் அங்கதான். பின்பக்கம் தாழ்ந்தா அணியம், அதாவது முன்பக்கம், தூக்கும், எதிர்காத்துல போட்டு நேரா நிக்காது, பின்னாடி வர்ற அலை உள்ள ஏறும். பழைய போட்டுங்க தண்ணி குடிச்சு ஏற்கனவே கனமா இருக்கும், அத மறக்கக் கூடாது. கேன கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சு நீளமா ஹோஸ் விட்டா பாதி பிரச்சனை சரியாகும், செலவில்லாத வேலை.

சரி, இப்ப மாமா கேட்ட 15ஆ 25ஆ. தண்ணிய கிழிச்சுக்கிட்டு போற போட்டுக்கு ஒரு இயற்கையான வேக எல்லை இருக்கு. தண்ணில படுற நீளத்த அடில எடுத்து, அதோட வர்க்கமூலத்த 1.34ஆல பெருக்குனா நாட் கணக்குல அந்த எல்லை வரும். மாமா போட்டு 28 அடின்னாலும் தண்ணில படுறது 25 அடி, வர்க்கமூலம் 5, அப்ப 6.7 நாட், அதாவது மணிக்கு பன்னெண்டரை கிலோமீட்டர் மாதிரி. அதுக்கு மேல போகணும்னா போட்டு தான் எழுப்பற அலை மேல தானே ஏறணும், அங்கதான் எரிபொருள் கொட்டும், வேகம் கொஞ்சமாதான் கூடும். நம்ம ஃபைபர் போட்டு ஒல்லி, காலியா இருந்தா இந்த எல்லைய தாண்டி ஓடும், அம்பு மாதிரி போகுதுன்னு மாமா பாத்தது அத. ஆனா காலி போட்டுல யாரும் தொழிலுக்கு போறதில்ல. மூணு நாலு ஆளு, வலை, ஐஸ் பெட்டி, திரும்பும்போது ஈர வலை, மீனு, இவ்ளோவும் ஏத்துனா 25 எச்பி போட்டவரும் 15 போட்டவரும் கரைக்கு வர்றதுல பெரிய நேர வித்தியாசம் இருக்காது, கேன்லதான் இருக்கும்.

அப்போ 8, 9.9 போதாதான்னு கேக்கலாம். ஓடறதுக்கு போதும். ஆனா நம்ம சென்னை கரைல, துறைமுகத்துக்குள்ள கட்டறவங்கள விட்டா, மத்தவங்க எல்லாம் மணல்ல இருந்து அலை முறியற இடத்த தாண்டித்தான் போகணும், வரணும். ரெண்டு அலைக்கு நடுவுல கிடைக்கற சில நொடில போட்டு வெளிய பாயணும், அந்த இடத்துல எஞ்சின் திணறினா போட்டு குறுக்க திரும்பிடும், கவுந்துடும். அதுக்காக கொஞ்சம் பலம் கையிருப்பு வேணும். இங்க ஒரு நல்ல விஷயம் இருக்கு, சுசுகி, டொஹாட்சு மாதிரி கம்பெனிங்க ஃபோர் ஸ்ட்ரோக்ல 9.9, 15, 20 மூணையும் ஒரே பிளாக்ல பண்றாங்க, எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்ப பின்பலகைக்கு கூடுதல் பாரம் இல்லாமலே 15 எடுத்துக்கலாம், அலை தாண்ட மட்டும் முழுசா திருகி, வெளிய போனதும் முக்கால்ல ஓட்டலாம். எஞ்சின் மூடில எழுதியிருக்கற எச்பிக்கு ஏத்த மாதிரி எரிபொருள் போறதில்ல, நீங்க எவ்ளோ பலம் இழுக்கறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரிதான் போகும்.

ப்ரொப்பெல்லர் பத்தி யாரும் கேக்கவே மாட்டேங்கறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. கடைல எஞ்சின் கூட வர்ற ப்ரொப்பெல்லர் பெரும்பாலும் லேசான போட்டுக்கானது, பிட்ச் அதிகம், அதாவது ஒரு சுத்துக்கு அதிக தூரம் போக பாக்கும். கனமான போட்டுல அது டாப் கியர்ல மேடு ஏறற லாரி மாதிரி, எஞ்சின் சுத்தவே முடியாம முக்கும், சூடாகும், கார்பன் கட்டும், ரெண்டு வருஷத்துல செத்துடும். ஃபோர் ஸ்ட்ரோக் பெரும்பாலும் முழு திருகுல 5,000ல இருந்து 6,000 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு அவ்ளோ சுத்து, தொடணும்னு கம்பெனியே புத்தகத்துல போட்டிருப்பான். முழு லோடுல அத தொடலன்னா பிட்ச் குறைங்க. ஒரு இன்ச் குறைச்சா சுமாரா 150, 200 ஆர்பிஎம் ஏறும். கனமான போட்டுக்குன்னே கியர் மாத்தி பண்ற எஞ்சினும் இருக்கு, யமஹால சாதா 9.9ல கியர் விகிதம் 2.08, ஹை த்ரஸ்ட் 9.9ல 2.92. எஞ்சின் 5,500ல சுத்தும்போது முதல் ஒண்ணுல ப்ரொப்பெல்லர் 2,640 சுத்தும், ரெண்டாவதுல 1,880தான், ஆனா பெரிய இலை, மெதுவா அதிக தண்ணிய தள்ளும். வலை இழுக்கற போட்டுக்கு இதுதான் சரி, கிடைச்சா விடாதீங்க.

ஷாஃப்ட் நீளம் சுருக்கமா சொல்லிடறேன். ஷார்ட் 15 இன்ச், லாங் 20 இன்ச். பின்பலகை மேல் விளிம்புல இருந்து போட்டு அடி வரைக்கும் டேப் வச்சு அளங்க, பழைய எஞ்சின்ல இருந்தத அப்படியே வாங்காதீங்க, ஏன்னா இருபது வருஷத்துல யாராவது பின்பலகைய வெட்டியோ கட்டை வச்சு உயத்தியோ இருப்பாங்க. ப்ரொப்பெல்லருக்கு மேல தட்டையா ஒரு தகடு இருக்கும், அது போட்டு அடிக்கு சமமாவோ ஒரு இன்ச் கீழயோ நிக்கணும். மேல போனா அலைல காத்து இழுத்து எஞ்சின் சும்மா அலறும், ரொம்ப கீழ போனா இழுவை, கரைல மணல்ல இடிக்கும்.

எரிபொருள்தான் உண்மைல பணம் போற இடம். ஒரு கணக்கு போடுவோம், 10 எச்பி அளவுக்கு பலம் இழுத்து ஒரு மணி நேரம் ஓட்டினா கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் பெட்ரோல்ல 4 லிட்டருக்கு கொஞ்சம் மேல குடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் 3 லிட்டர், டீசல் 2 லிட்டருக்கு சொச்சம். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னா 13, 9, ஆறரை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்கிட்டா டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் நடுவுல தினம் 400 ரூபாய், வருஷத்துக்கு 200 நாள் போனா 80,000. இதுல டூ ஸ்ட்ரோக்குக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்கறது தனி. டூ ஸ்ட்ரோக் ஏன் இவ்ளோ குடிக்குதுன்னா புகை வெளிய போற வழி தொறந்து இருக்கும்போதே புது பெட்ரோல் உள்ள வரும், கால்வாசி வரைக்கும் எரியாமலே புகையோட போயிடும், தண்ணி மேல வானவில் மாதிரி மிதக்குதே எண்ணெய், அதுவும் நம்ம காசுதான். அமெரிக்கால 1998ல இருந்து படிப்படியா புகைக் கட்டுப்பாடு வந்தப்புறம் பழைய மாதிரி டூ ஸ்ட்ரோக் அங்க காணாம போச்சு. நம்ம பக்கம் இன்னும் அது நிக்கறதுக்கு காரணம் இருக்கு, லேசு, விலை கம்மி, பிரிச்சு மாட்ட எந்த குப்பத்துலயும் ஆள் இருக்கு.

இன்னொரு காரணம் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய்ல ஓடறதுக்குன்னே கம்ப்ரஷன் குறைச்சு பண்ண டூ ஸ்ட்ரோக் இருக்கு, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி, நிறுத்தறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோலுக்கு மாத்தணும். அந்த கடைசி வேலைய விட்டா மறுநாள் கயிறு இழுத்து தோள்பட்டை போயிடும், பிளக்குல கரி அப்பிக்கும். மானியத்துல மண்ணெண்ணெய் கைக்கு வர்ற வரைக்கும் இதுதான் மலிவு. வராத மாசம் வெளில வாங்குற விலைய போட்டு கணக்கு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சாதா பெட்ரோல் எஞ்சின்ல மட்டும் மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்த உடைஞ்ச பிஸ்டன்ல நிறைய அப்படி வந்ததுதான்.

பெட்ரோல்ல இப்ப புதுசா ஒரு தலைவலி, எத்தனால். பங்க்குல கிடைக்கறது இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அவுட்போர்டு புத்தகத்துல பெரும்பாலும் 10 சதவீதம் வரைக்கும்தான் தாங்கும்னு போட்டிருக்கும். எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், கடல் மேல ஈரத்துக்கு என்ன பஞ்சம், ஒரு அளவுக்கு மேல தண்ணி சேந்தா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா பிரிஞ்சு கேன் அடில தங்கும், எஞ்சின் முதல்ல உறிஞ்சறது அடில இருக்கறதத்தான். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் உப்பி இளகும். டூ ஸ்ட்ரோக்ல இன்னும் மோசம், அடில பிரிஞ்ச அந்த தண்ணில ஆயில் கரையாது. அதனால எந்த பெட்ரோல் எஞ்சின் வாங்கினாலும் தண்ணி பிரிக்கற ஃபில்டர் ஒண்ணு கட்டாயம் போடுங்க, எத்தனால் தாங்கற ஹோஸ் போடுங்க, தொழில் இல்லாத நாள்ல கேன்ல பெட்ரோல வாரக்கணக்கா விட்டு வைக்காதீங்க.

டீசல்தான் மலிவுன்னா நேரா லாங்டெயில் போட்டுடலாமேன்னு மாமா மகன் கேட்டான், நியாயமான கேள்வி. சின்ன சைஸ்ல டீசல் அவுட்போர்டு கிடைக்கறது அபூர்வம், அதனால நம்ம கரைல டீசல்னா போட்டுக்குள்ள உக்காந்த ஒத்த சிலிண்டர் எஞ்சின், கிரீவ்ஸ் லம்பார்டினி மாதிரி காத்துல ஆறற எஞ்சின், அதுல இருந்து நீளமா ஒரு ஷாஃப்ட், அதுதான் லாங்டெயில். மணல் கரைக்கு இது பொருத்தம்தான், அலைல ஒரே அமுக்குல ஷாஃப்ட்ட தூக்கிடலாம், தண்ணி பம்ப்பே இல்லாததால மணல் புகுந்து இம்பெல்லர், அதாவது பம்ப்புக்குள்ள சுத்தற ரப்பர் சக்கரம், தேயற பேச்சே இல்ல. கரை போட்டுக்கு தூக்கற மாதிரி ப்ரொப்பெல்லர் வேணுங்கறது இங்க பழைய யோசனை, 1979ல இருந்து இதே சென்னைல ஆபீஸ் வச்சிருந்த வங்காள விரிகுடா திட்டத்துக்காரங்க, ஐநா உணவு வேளாண் அமைப்போட ஆளுங்க, அலைக்குள்ள டீசல் எஞ்சின் போட்ட போட்ட எப்படி கரையேத்தறதுன்னு நிறைய போட்டு கட்டி சோதனை பண்ணாங்க. ஆனா லாங்டெயிலோட அதிர்வு ரொம்ப ஜாஸ்தி. இருபது வயசான, லேயர் பிரிய ஆரம்பிச்ச ஃபைபருக்கு அந்த உதறல் ஆகாது, புதுசா எஞ்சின் பெட் கட்டணும், போட்டு எடை நடுவுக்கு மாறும். ஏற்கனவே லாங்டெயில் ஓடின போட்டுக்கு மறுபடி லாங்டெயில், சந்தேகமே வேணாம். அவுட்போர்டுக்குன்னு கட்டின பழைய போட்ட லாங்டெயிலுக்கு மாத்தறது எனக்கு ஒப்பல.

செகண்ட் ஹேண்டுல நான் ஒரு தடவ நல்லா மாட்டினேன், பேர் சொல்ல விரும்பல. பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, கயிறு ஒரே இழுப்புல பிடிச்சுச்சு, காச குடுத்துட்டேன், மூணாவது வாரம் கியர் போச்சு. கீழ கியர் ஆயில் ஸ்க்ரூவ திருகி பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தா சீல் போயி தண்ணி உள்ள பூந்திருக்குன்னு அர்த்தம். இப்ப யாருக்கு பாத்து குடுத்தாலும் அதத்தான் முதல்ல திறப்பேன். அப்புறம் கம்ப்ரஷன் கேஜ் வச்சு ரெண்டு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இல்லாம இருக்கான்னு பாக்கணும். 2023 மிக்ஜாம் மாதிரி புயலுக்கு அப்புறம் தண்ணில முழுகின எஞ்சின கழுவி வித்துடுவாங்க, மூடிய கழட்டி வயர் கனெக்டர் உள்ள பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு பிராண்டு சல்லிசா வருதுன்னா ஸ்பேர் எங்கன்னு கேளுங்க, 1909ல ஆரம்பிச்ச எவின்ரூட் பேருக்கே 2020ல உற்பத்திய நிறுத்திட்டாங்க. காசிமேட்டுல ஒரு இம்பெல்லர், ஒரு பிளக், ஒரு ஷியர் பின் உடனே கிடைக்கற எஞ்சின்தான் எஞ்சின்.

பில்லு கட்டாயம் வாங்குங்க. எஞ்சின் நம்பர், எச்பி போட்டு பதிவுல ஏறணும், போட்டு பதியற ஆன்லைன் தளமான ரியல்கிராஃப்ட்ல மாத்தணும், மீன்வளத்துறை மானியத்துக்கும் எரிபொருளுக்கும் அந்த பதிவத்தான் பாப்பாங்க. மானியத்துக்கு விண்ணப்பிக்கறதா இருந்தா வாங்கறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல பேசிடுங்க, வாங்கிட்டு போய் நின்னா வேலைக்காகாது.

மாமா போட்டுக்கு கடைசில என்ன பண்ணோம்னா, பின்பலகைய உள்பக்கமா அறுத்து திறந்தோம். அழுகின ப்ளைவுட்டு கையாலயே பிச்சு எடுக்க வந்துச்சு, ரெண்டு கோணி நிறைய. ஃபைபர் கூட்ட நாலு நாள் வெயில்ல காய விட்டு, ஐஎஸ் 710 மரைன் ப்ளை ரெண்டு ஒட்டி வச்சு, முட்டு குடுத்து, மேல ஃபைபர் போட்டோம், போல்ட்டு ஓட்டைக்கு எல்லாம் முதல்ல எபாக்சி ஊத்தி காய வச்சு அதுக்கு நடுவுலதான் ட்ரில் போட்டோம், இனிமே தண்ணி மரத்த தொடாது. எஞ்சின் 15 ஃபோர் ஸ்ட்ரோக், லாங் ஷாஃப்ட். 25க்கும் 15க்கும் இருந்த விலை வித்தியாசத்துல ஃபைபர் வேலை முடிஞ்சு ஃபில்டரும் இன்னொரு ப்ரொப்பெல்லரும் வாங்கினோம்.

முதல் நாள் சும்மா காலி போட்டுல ஓட்டி பாக்க வேணாம்னு மூணு ஆளு, வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்திக்கிட்டுதான் போனோம். எஞ்சினோட வந்த ப்ரொப்பெல்லர்ல முழு திருகுல 4,800தான் வந்துச்சு, கரைக்கு திரும்பி ரெண்டு இன்ச் பிட்ச் கம்மியானத மாட்டினோம், 5,200 தொட்டுச்சு, பின்னாடி தண்ணி பீச்சறது கயிறு மாதிரி ஒரே சீரா வந்துச்சு. அலை தாண்டும்போது ஓட்டினது மாமா மகன். மாமா அவன் பக்கத்துல உக்காந்து வேகத்த பாக்கல, எஞ்சின பாக்கல, உள்ளங்கைய பின்பலகைல அழுத்தி வச்சுக்கிட்டே வந்தாரு, மூணாவது அலைய தாண்டினதும்தான் கைய எடுத்தாரு.

"ஆடல மாப்ள," அப்படின்னாரு.